மூன்றாம் வாய்

ஒன்பது வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த துண்டு நோட்டீஸ் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கதவுக்கு அடியில் வந்து விழுந்தது. மெத்தைக் கடை விளம்பரம். வழவழப்பான தாளில் ஒரு கட்டில், கட்டில்மேல் மெத்தை, மெத்தைமேல் வரிசையாக ஏழு தலையணை. என் வீட்டுக்காரர்தான் முதலில் எடுத்தார். "ஏழு தலையணை வச்சுக்கிட்டு எவன் தூங்குவான்" என்று சொல்லிவிட்டு அதன்மேலேயே டீ டம்ளரை வைத்தார். நான் டம்ளரை நகர்த்திவிட்டு நோட்டீஸைத் துடைத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: செவ்வாய், காலை பதினோரு மணி, இருப்பு எடுப்பதால் கடை விடுமுறை. கடை விடுமுறை என்பதற்கு யாராவது நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போடுவார்களா என்று அந்த மனுஷருக்குத் தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளையாக இருந்தும் என் மாமியார் இந்த விஷயத்தில் அவரிடம் மூச்சுகூட விடாமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருஷமாக அடுத்தவர்கள் செய்யும் தப்பை என் காலால் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். அதனால் என்னைப் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் படித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஏழுவாய்ச்சி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டிருந்தால் நாங்கள் எங்கோ கோட்டை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். எழுத்து பிறப்பதற்கு முன்பே இருந்த தெய்வம் அவள். சிலை கிடையாது, படம் கிடையாது, கோயில் கிடையாது. ஒரு பாட்டுதான் அவளுடைய உடம்பு. எந்தக் காலத்திலோ ஒரு ராஜா அந்தப் பாட்டைப் பாடுகிறவர்களின் நாக்கை அறுக்கச் சொல்லி உத்தரவு போட்டானாம். அப்போது பாட்டு முழுக்கத் தெரிந்த ஒருத்தி அதை ஏழாகப் பிரித்து, ஆளுக்கு இருபத்தொரு வரியாக ஏழு பேருக்குக் கொடுத்தாள். ஒருவர் மாட்டிக்கொண்டாலும் முழுப்பாட்டு ராஜா கையில் சிக்காது. ராஜா போய்ச்சேர்ந்து எத்தனையோ நூறு வருஷம் ஆயிற்று. நாங்கள் இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறோம். பழகிவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை ஏழு பேரும் கூடி ஒன்றிலிருந்து ஏழு வரை பாட்டைச் சொல்லி முடிக்க வேண்டும். அந்த ஒருநாள்தான் அவள் முழுசாக எழுந்து நிற்பாள். ஆனால் பாட்டை முழுசாகக் கேட்க அவளுக்கு மட்டுமே உரிமை. அதனால் ஒருவர் சொல்லும்போது மற்ற ஆறு பேரும் மெழுகில் தோய்த்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே ஒரு துண்டுக் கயிறு இருக்கும். சொல்லி முடித்தவர் கயிற்றை இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பஞ்சைத் திரும்ப அடைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் பஞ்சை எடுத்துவிட்டுத் தன் பகுதியைத் தொடங்குவார். காதைத் திறந்து வைத்தவர் என்று தெரிந்தால் அன்றோடு வெளியே. ஒரு வரி மறந்துபோனவர் தானே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். அப்படி யாராவது கையைத் தூக்கினால் கயிறுகளை எரித்துவிட்டு எல்லாரும் கலைந்துவிட வேண்டும். அப்புறம் பாட்டும் இல்லை, அவளும் இல்லை. இதுவரை யாரும் தூக்கியதில்லை.

என் மாமியார் தம்மிடம் இருந்த மூன்றாம் பகுதியை மகளுக்குக் கொடுத்தார். அவருடைய சிநேகிதி ஒருத்தி பிள்ளை இல்லாமல் சாகும்போது அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன நான்காம் பகுதியை மருமகளான எனக்குக் கொடுத்தார். ஒரே வாரத்தில், இரண்டு அறையில், இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார். என் பகுதி இப்படித் தொடங்கும்:

நகம் தந்தாள், நார் தந்தாள்,
உமி தந்தாள், உப்பு தந்தாள்.

இருபத்தொரு வரியும் இதே பாட்டைத்தான் பாடும். சொல்லும்போதெல்லாம் மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். மகளுக்கு நல்ல பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை என் தலையில் கட்டிவிட்டாரோ என்ற சந்தேகம் எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. எந்த மருமகளுக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். ஆனால் நான் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. போன தடவை கூடியபோது, நாத்தனார் பக்கம் இருந்த காதில் பஞ்சைப் பேருக்குச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எழுந்தாள் எழுந்தாள் இருள்கிழித்து எழுந்தாள்,
உறங்கிய நீரை உதைத்து எழுந்தாள்.

உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. கூடவே வயிறும் எரிந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று, மகளுக்குத்தான் நல்லது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பதினான்காவது வரி வரும் நேரம் பார்த்து மெத்தைத் தூசி மூக்கில் ஏறி எனக்குத் தும்மல் வந்து தொலைத்தது. அந்த ஒரு வரி போயிற்று. மிச்சம் இருபதும் மண்டையில் ஒட்டிக்கொண்டன. ஒரு மாணவரை இறக்கிவிட்டு அடுத்தவரை ஏற்றிக்கொள்ளப் போகிற இடைவெளியில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒன்பது வருஷமாக நான் பாடியது என் பகுதியை அல்ல, நாத்தனார் பகுதியைத்தான். திருட்டுதான், தெரியும். ஆனாலும் பாடாமல் இருக்க முடியவில்லை.

என் நாத்தனார் முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்தவர். எந்த பஸ் எந்த மேடையில் என்று அவர் சொன்னால் பஸ்ஸே பயந்துபோய் அங்கே வந்து நிற்கும். வீட்டிலும் அதே குரல்தான். நான் வைக்கிற குழம்பிலிருந்து நான் பிடிக்கிற ஸ்டியரிங் வரைக்கும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை என்று பெரிதாக இல்லை, ஒத்துப்போனதும் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் மயங்கி விழுந்தார். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கை வந்துவிட்டது, நடை வந்துவிட்டது, சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சு மட்டும் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான் மிச்சம். "அதான்."

டீ வேணுமா அண்ணி என்றால் அதான். வலிக்குதா என்றால் அதான். கோபம் வந்தாலும் அதான், அழுகை வந்தாலும் அதான். எங்கள் வீட்டு முன்னறையில்தான் இப்போது இருக்கிறார். வாரிசுக்குத் தன் பகுதியை அவர் இன்னும் கொடுக்கவில்லை. அறுபது முடிந்த பிறகுதான் கொடுப்பது வழக்கம், அவருக்கு ஐம்பத்தெட்டு. ஆக, மூன்றாம் பகுதி முழுக்கத் தெரிந்த ஒரே ஆளின் வாய் பூட்டிக்கிடந்தது.

வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் நோட்டீஸை நாத்தனார் மடியில் வைத்தேன். ஏழு தலையணையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது.

"நம்ம தலைவர் மெத்தைக்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடலாமா அண்ணி?" என்று கேட்டேன்.

தலையைப் பலமாக ஆட்டினார். கூடாது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மைக் முன்னால் உட்காருகிற மாதிரி தோளைச் சரிசெய்துகொண்டு, வாயைத் திறந்தார். "அதான் அதான் அதான்அதான் அதான்" என்று வந்தது. ராகம் மூன்றாம் பகுதியின் ராகம். ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. வார்த்தைகள்தான் இல்லை. அவர் என்ன பாடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியவில்லை. ஐந்தாறு வரி போனதும் நோட்டீஸைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் சமையலறைக்கு ஓடினேன்.

அங்கேதான் அந்த யோசனை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். எல்லார் காதிலும் பஞ்சு. எல்லாருக்கும் கண் மூடியிருக்கும். மூன்றாம் பகுதியை நாத்தனார் சொல்கிறாரா, பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்கிறேனா என்று யாருக்குத் தெரியப்போகிறது? எங்கள் விதியே எனக்கு வழிவிட்டது. டம்ளர் நிரம்பிக் கையெல்லாம் வழிந்தது.

ஆனால் ஒருவருக்குத் தெரியும். முறை வந்ததும் நாத்தனார் பஞ்சை எடுப்பார், தன் பகுதி என் வாயிலிருந்து வருவதைக் கேட்பார். மெத்தைக்காரர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆயிரம் பேர் இருக்க இவர் முன்னால் திருடியாக உட்கார வேண்டும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. அதோடு அந்தப் பதினான்காவது வரி வேறு. அது என்னிடம் இல்லை. நானே ஒன்றை இட்டுக்கட்டி வைத்துக்கொண்டேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் சாப்பிட்டது என்ன, தூங்கினது எப்போது என்று எனக்கு நினைவே இல்லை. பயமும் சந்தோஷமும் சேர்ந்து ஒரு நிலையில் நிற்க விடவில்லை. திங்கட்கிழமை ஒரு மாணவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதற்கு "பரவால்ல தம்பி" என்று சொல்லியிருக்கிறேன். அவர் மிரண்டுபோய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டே, "அக்காவை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறியா? நானும் வரட்டுமா, லீவு சொல்லிடுறேன்" என்றார்.

"குடிநீர் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நீங்க லீவு போட்டா, தண்ணி வரலைன்னு சண்டை போட வர்றவங்க யார்கிட்ட போடுவாங்க? கிளம்புங்க."

"அதான்" என்றார் நாத்தனார். வீட்டுக்காரர் கிளம்பிப் போய்விட்டார்.

பயிற்சிக் காரின் கூரைமேல் எல் போர்டு இருக்கும். ரகசியமாக எங்காவது போக அதைவிட நல்ல வண்டி கிடையாது. எல் போர்டைப் பார்த்தால் எல்லாரும் விலகிப் போவார்கள், யாரும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டார்கள். வழியில் மூன்று தடவை வாயைத் திறந்தேன்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

திரும்பிப் பார்த்தார்.

"சீட் பெல்ட் இறுக்கமா இருக்கா?"

"அதான்."

மற்ற இரண்டு தடவையும் இதே லட்சணம்தான். பதினெட்டு வருஷமாகப் பிரேக் மிதித்தவளுக்கு அன்றைக்குத் தன் வாயிலும் ஒரு பிரேக் இருப்பது தெரிந்தது.

மெத்தைக் கடை முன்பக்க ஷட்டரில் இருப்பு எடுக்கிறோம் என்ற அட்டை தொங்கியது. பின்பக்கம் கிடங்கின் சின்னக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெத்தைக்காரர் நின்றிருந்தார். முதல் பகுதி அவருடையது, அதனால் அவர்தான் எங்களுக்கெல்லாம் தலைவர். நல்ல உயரம், பேச்சு மட்டும் மெத்தை மாதிரி மெத்தென்று இருக்கும். இவரிடம் மாட்டினால் இங்கேயே எல்லாம் முடிந்தது.

"வாங்கம்மா, ஒன்பது வருஷம் ஓடியே போச்சு" என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

"அதான்" என்றார் நாத்தனார்.

"நேத்து பார்த்த மாதிரி இருக்கு."

"அதான்."

"நமக்கும் வயசாகுதுல்ல."

"அதான்" என்று நாத்தனார் பெருமூச்சோடு சொன்னார். அந்தக் கடைசி அதானில் மெத்தைக்காரர் உருகிப்போனார். "எப்பவும் நாலு வார்த்தையில நறுக்குன்னு முடிச்சிடுவீங்க" என்று சொல்லி வழிவிட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கிடங்கு முழுக்கக் கூரையைத் தொடும் அளவுக்கு மெத்தைகள். பாலிதீன் உறை மாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, நாலு பக்கமும் சுவர்போல அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு சின்ன அறை அளவுக்கு இடம். அதற்குள் பேசினால் சத்தம் அப்படியே அமுங்கிவிடும், அடுத்த தெருவுக்கு என்ன, அடுத்த கதவுக்குக்கூடக் கேட்காது. வட்டமாக ஏழு முக்காலி. இரண்டாம் பகுதிக்காரரான பல் டாக்டர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் நாத்தனார், அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் மின் மீட்டர் பார்ப்பவர். மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் அம்மாவும் ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேனும் கடைசியாக வந்தார்கள். யாரும் யாரையும் நலம் விசாரிக்கவில்லை. ஆனால் எல்லார் முகத்திலும் ஒரே பூரிப்பு. பல் டாக்டருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மீட்டர்காரர் தொடை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மெத்தைக்காரர் கயிறுகளைக் கொடுத்தார், பஞ்சு உருண்டைகளைக் கொடுத்தார். "ஒரு வரி குறைஞ்சாலும் கையைத் தூக்கிடுங்க. அவளுக்கு முன்னால மட்டும் பொய் வேண்டாம்" என்றார். நாத்தனார் குனிந்து தன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பஞ்சை இந்தத் தடவை ஒழுங்காகவே அடைத்துக்கொண்டேன். முதல் இரண்டு பகுதியையும் திருட எனக்கு ஆசையில்லை. கண்ணை மட்டும் இமை இடுக்கில் திறந்து வைத்திருந்தேன். மெத்தைக்காரரின் உதடு அசைந்தது, நின்றது. பல் டாக்டரின் கயிறு ஆடியது. அவர் உதடு அசையத் தொடங்கியது. அவர் மெதுவாகச் சொல்கிறாரா, என் உயிர்தான் வேகமாக ஓடுகிறதா என்று தெரியவில்லை. கடைசியில் அவர் கை இரண்டு தடவை சுண்டியது. நாத்தனாரின் விரல் துடித்தது. அவர் பஞ்சை எடுத்தார். அவர் பக்கம் இருந்த என் பஞ்சையும் நான் எடுத்தேன்.

"அதான்" என்றார் நாத்தனார்.

நிறுத்தினார். எச்சில் விழுங்கினார். "அதான். அ... அதான்." இன்னொரு முறை மூச்சை இழுத்து, உடம்பையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார். அதே சொல்தான் வந்தது. அவருடைய வலது கை மடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. கையைத் தூக்கப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு யோசிக்க நேரம் இல்லை. அந்த மணிக்கட்டைப் பிடித்து மடியில் அழுத்தினேன்.

"எழுந்தாள் எழுந்தாள் இருள்கிழித்து எழுந்தாள்" என்று தொடங்கினேன்.

அவர் தலை படக்கென்று என் பக்கம் திரும்பியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்தப் பார்வையைச் சந்திக்க எனக்குத் தைரியம் இல்லை. என் பிடிக்குள் அவர் மணிக்கட்டு விறைத்தது, உருவிக்கொள்ளப் பார்த்தது, பிறகு சும்மா இருந்தது. நான் நிறுத்தவில்லை. ஒன்பது வருஷம் காருக்குள் பாடிய பாட்டு முதல் தடவையாக அதற்குரிய இடத்தில் ஒலித்தது. என் குரல் என்னையே தூக்கிக்கொண்டு போயிற்று. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வெட்கம், பயம் எல்லாம் எங்கோ போய்விட்டது. பதின்மூன்றாவது வரி, "பெயரில்லாக் கல்லுக்குப் பெயரிட்டு நடந்தாள்."

அடுத்தது நான் இட்டுக்கட்டிய வரி. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன், வரவில்லை. மெத்தைக்காரரை ஏமாற்றலாம், ஊரையே ஏமாற்றலாம். ஏழுவாய்ச்சி பாதி எழுந்து நிற்கிறாள், அவள் வாயில் என்னுடைய சொந்தச் சரக்கைத் திணிக்க எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்து ஒரே ஒரு வரியில் எல்லாம் போயிற்றே. கண்ணைத் திறந்து நாத்தனாரைப் பார்த்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்த தடமெல்லாம் நாவாகிப் பேசின" என்றார்.

கரகரப்பாக, துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி வந்தது அந்தக் குரல். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். "திரும்பிப் பார்த்தாள், திசைகள் பிறந்தன." அப்புறம் அவரை யார் நிறுத்துவது. பதினாறு, பதினேழு என்று பஸ் நிலையக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றும் முடிந்தது. அவர் கயிற்றை இரண்டு தடவை இழுத்தார்.

இப்போது என் முறை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. எத்தனை முயன்றும் நகமும் வரவில்லை, நாரும் வரவில்லை. மூச்சு மட்டும்தான் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது, அதற்கு நேரம் பார்த்ததைப் பாருங்கள்.

"நகம் தந்தாள், நார் தந்தாள்" என்று கேட்டது.

என் குரல் இல்லை. என் பகுதி. இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியக்கூடாத என் இருபத்தொரு வரி. நாத்தனார் நேராகப் பார்த்தபடி, ஒரு தடங்கல் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார். "உமி தந்தாள், உப்பு தந்தாள்." அவருடைய கன்னம் மட்டும் சிவந்துபோயிருந்தது, கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். எனக்கு விஷயம் விளங்க மூன்று வரி ஆயிற்று. விளங்கியதும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது. மிச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்தே பாடினோம். முடித்துவிட்டு மீட்டர்காரரின் கயிற்றை நான் இழுத்த இழுப்பில் அவர் முக்காலியோடு சாயப் பார்த்தார்.

ஏழாம் பகுதி முடிந்து வாட்ச்மேனின் கயிறு மெத்தைக்காரரிடம் போனது. அவர் எழுந்து நின்றார். எல்லாரும் பஞ்சை எடுத்தோம். ஒரு கையும் மேலே போகவில்லை.

"முழுசா எழுந்துட்டா" என்றார். குரல் தழுதழுத்தது. மீன்தொட்டிக் கடை அம்மா வாய்விட்டுச் சிரித்தார், பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெத்தைக்காரர் எங்கள் பக்கம் திரும்பி, "மூணு முடிஞ்சு நாலு வர கொஞ்சம் இழுத்துச்சோ? கடிகாரத்தைப் பார்த்தேன், அதான் கேக்குறேன்" என்றார்.

கண்ணை மூடியிருக்க வேண்டியவர் கடிகாரத்தை எப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதான்" என்றார், மேடை மாறி வந்த பஸ் டிரைவரிடம் சொல்கிற தோரணையில். மெத்தைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நான் பொரிந்து தள்ளினேன். "நீங்களும் பஞ்சை எடுத்தீங்களா அண்ணி? போன தடவையேவா?"

தலையாட்டினார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எதுக்கு?"

சொல்ல வாய் வராமல் தவித்தார். பாட்டு வந்த வாயில் பேச்சு இன்னும் வரவில்லை. இரண்டு உள்ளங்கையையும் நிமிர்த்தித் தராசுத் தட்டு மாதிரி மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். பிறகு என் பக்கத்துக் கையைக் கனமாகக் கீழே இறக்கினார்.

எனக்கு நம்பமுடியவில்லை. "என்னோடதா? அது மளிகைச் சீட்டு அண்ணி. உங்களோடதைக் கேட்டு நான் ஒன்பது வருஷமா வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கேன். அத்தை, மகளுக்கு நல்லதைக் கொடுத்துட்டாங்கன்னு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி, ஒன்பது விரலை விரித்துக் காட்டினார். அவரும் ஒன்பது வருஷம். மருமகளுக்கு நல்லதைக் கொடுத்துவிட்டு மகளை விட்டுவிட்டார்கள் என்று இந்த மனுஷி என் குழம்பிலும் ஸ்டியரிங்கிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் செய்துகொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

பெரிய சாலையில் சிவப்பு விளக்கு. நாலு பக்கமும் வண்டிகள். நாத்தனார் தானாகவே தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார், என்னையும் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். ஏற்றினேன். அவர் தோளைச் சரிசெய்துகொண்டு என் பகுதியைத் தொடங்கினார்.

நான் அதை வெளியிலிருந்து கேட்டதே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது கேட்டிருப்பேன், அப்போது பாடம் பண்ணுகிற அவசரம். என் வாயால் சொல்லும்போதெல்லாம் ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் ஓடவில்லை. நகம் தந்தாள் என்று சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டாயா என்று பார்க்கிற மாதிரி நிறுத்தினார். அப்புறம்தான் நார் தந்தாள். ஒவ்வொன்றையும் யாரோ என் உள்ளங்கையில் வைத்து விரலை மடித்துவிடுவது போல இருந்தது. "பசி தந்தாள், பகல் தந்தாள். கண் தந்தாள், கண்ணுக்குள் நீர் தந்தாள். கை தந்தாள், கைக்கு ஒரு கை தந்தாள்." இதையா இத்தனை காலம் நான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, எல் போர்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் வண்டியை எடுக்கவில்லை. இன்னும் ஆறு வரி பாக்கி இருந்தது.